பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறுவது எப்படி: இடையில் மாட்டிக்கொள்ளாமல் முடிக்க ஒரு முழு வழிகாட்டி

பல வருடங்களாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். தளத்துக்குத் தளம் கொஞ்சம் வேஷம் மாறும். ஓரிடத்தில் கடைசியில் 1, இன்னோரிடத்தில் 12, சிறப்புக் குறி வேண்டும் என்று அடம்பிடிக்கிற தளத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பெரிய சூட்சுமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம், எப்போதோ கணக்குத் திறந்து மறந்தே போன ஒரு தளத்திலிருந்து தகவல் கசிந்திருப்பது தெரியவந்தது. அங்கே நான் வைத்திருந்த பாஸ்வேர்டுக்கும் என் மின்னஞ்சல் பாஸ்வேர்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஆச்சரியக்குறி ஒன்றுதான். அன்று ராத்திரி ஆரம்பித்த வேலை முடிய மூன்று வாரம் ஆனது. இரண்டு இடத்தில் நானே என்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன். நீங்கள் அதையெல்லாம் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு மேனேஜர் என்பது உங்கள் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் பூட்டிய பெட்டகம் ஒன்றில் வைத்து, தளத்துக்குத் தளம் எடுத்து நிரப்பித் தரும் செயலி. அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் மாஸ்டர் பாஸ்வேர்டு. எந்தச் செயலி நல்லது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். என் அனுபவத்தில் செயலி எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை. எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்ற வரிசை தப்பினால்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

ஏன் ஒரே பாஸ்வேர்டு ஆபத்து

திருடுகிறவர் உங்களைக் குறிவைத்து உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சல்–பாஸ்வேர்டு ஜோடிகளை எடுத்து, நூறு தளங்களில் நிரல் மூலம் போட்டுப் பார்க்கிறார். எது திறக்கிறதோ அது அவருக்கு லாபம். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்கமுடியாதபடி மாற்றிவைப்பது) ஏதுமின்றி அப்படியே வெளியே வந்தன. அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் பாஸ்வேர்டு உடைக்கும் கருவிகளுக்கு அரிச்சுவடி மாதிரி. கடைசியில் 1 சேர்ப்பது, ஆச்சரியக்குறி போடுவது, ஓ எழுத்துக்குப் பதில் சுழியம் வைப்பது எல்லாமே அந்தக் கருவிகளுக்கு அத்துப்படி.

கசிவு நடந்த அன்றே நமக்குத் தெரியும் என்றும் இல்லை. லிங்க்ட்இன் கசிவு நடந்தது 2012-ல். அப்போது வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம். 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் போயிருக்கிறது என்பது 2016-ல் அது விற்பனைக்கு வந்தபோதுதான் அம்பலமானது.

உங்கள் மின்னஞ்சல் ஏதாவது கசிவில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் ப்வோன்ட்’ தளம் இருக்கிறது. முகவரியைப் போட்டால் எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று பட்டியல் தரும். பார்த்துவிட்டுப் பதறவேண்டாம். இணையத்தில் பத்து வருடம் இருந்தவர்கள் பலருடைய முகவரியும் அதில் எங்காவது இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை உண்டு. முதலாவது, பிரவுசரிலோ போனிலோ ஏற்கனவே இருக்கும் மேனேஜர். ஒரே நிறுவனத்தின் போன், ஒரே நிறுவனத்தின் கணினி என்று இருப்பவர்களுக்கு இது போதும். இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டைரியின் கடைசிப் பக்கத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, பிட்வார்டன் போன்றவை. பெட்டகம் உங்கள் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, அப்புறம்தான் அவர்களுடைய சர்வருக்குப் போகும். போன், கணினி, எந்தப் பிரவுசர் என்றாலும் வேலை செய்யும். திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்), இலவசக் கணக்கிலேயே எத்தனை கருவிகளிலும் பயன்படுத்தலாம். பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கீழே வரும் படிகளையும் இதை வைத்தே சொல்கிறேன். வேறு மேனேஜர் என்றால் பட்டன்களின் பெயர் மாறும், வரிசை மாறாது.

மூன்றாவது, கீபாஸ்எக்ஸ்சி. எல்லாம் ஒரே கோப்பாக உங்கள் கணினியிலேயே இருக்கும், யாருடைய சர்வரும் கிடையாது. அந்தக் கோப்பைப் போனுக்குக் கொண்டுபோவது, காப்புப் பிரதி எடுப்பது எல்லாம் உங்கள் தலையில். வாரம் தவறாமல் பேக்கப் எடுக்கிற பழக்கம் உள்ளவர் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் வேண்டாம்.

‘சர்வரையே திருடிவிட்டால்?’ என்ற கேள்வி நியாயமானது. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் அதுதான் நடந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் பிரதியையே எடுத்துப்போனார்கள். உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் அப்படி மறைக்கப்படவில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு பலமாக இருந்தவர்களுக்கு அவகாசம் இருந்தது, பலவீனமாக வைத்தவர்களின் நிலைமைதான் கவலைக்கிடம். எந்த மேனேஜரானாலும் கடைசியில் எல்லாம் அந்த ஒரு பாஸ்வேர்டில் வந்து நிற்கிறது. அதனால் செயலியை நிறுவும் முன்பே அதைத் தயார் செய்துவிடுவோம்.

மாஸ்டர் பாஸ்வேர்டு

இதை நீங்களாக யோசித்து உருவாக்காதீர்கள். மனித மூளைக்குத் தற்செயல் என்பது வராது. பிறந்த வருடம், பிடித்த பெயர் என்று பழகின இடத்துக்கே சுற்றிச்சுற்றிப் போகும்.

பகடையை உருட்டுங்கள். ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995-ல் கொண்டுவந்த முறை இது, பெயர் டைஸ்வேர். பட்டியலில் 7,776 சொற்கள் இருக்கும். ஐந்து முறை பகடை உருட்டினால் ஐந்து இலக்க எண் ஒன்று கிடைக்கும், அந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்தான் உங்கள் சொல். (ஆறின் ஐந்தாம் அடுக்கு 7,776. பட்டியலின் அளவு அங்கிருந்துதான் வந்தது.) இப்படி ஐந்து சொற்கள் எடுத்தால், சாத்தியமுள்ள சேர்க்கைகள் ஏறக்குறைய 28-க்குப் பின்னால் 18 சுழியம். மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு நான் ஆறு சொற்களாக வைத்துக்கொண்டேன். எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2016-ல் இதே அளவில் எளிய ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது, அது வசதியானது. பகடை இல்லையென்றால் பிட்வார்டனுக்குள் இருக்கும் ஜெனரேட்டரிலேயே சொல்தொடர் உருவாக்கும் வசதி உண்டு.

தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குடை, நண்டு, ஏணி, மழை என்று அழகாகத்தான் வந்தது. மறுநாள் காலையில் மழைக்கு எந்த எழுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை. ழகரத்துக்கு இரண்டெழுத்து போட்டேனா, ஒரு லகரத்தோடு விட்டேனா? நண்டில் எத்தனை ணகரம்? மூன்றாவது முயற்சியில் திறந்தது. தமிழ்ச் சொல் வைப்பதானால் அடிக்கப்போகும் எழுத்துக்கூட்டலையே தாளில் எழுதுங்கள், தமிழில் எழுதாதீர்கள். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைப்பதும் வேண்டாம். நுழையும் திரையில் தமிழ் விசைப்பலகை எப்போதும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. இன்னொன்று, பழமொழியோ பாட்டு வரியோ எடுக்காதீர்கள். அதை உங்களுக்குத் தெரிந்த மாதிரி ஊருக்கே தெரியும்.

சரி, இப்போது அதைத் தாளில் எழுதுங்கள். ஆமாம், தாளில்தான். ‘பாஸ்வேர்டை எழுதி வைக்காதே’ என்ற அறிவுரை அலுவலகத் திரையில் ஒட்டிவைப்பவர்களுக்குச் சொன்னது. உங்கள் வீட்டு அலமாரிக்குள் இருக்கும் தாளை எங்கோ இருக்கும் நிரல் வந்து படிக்கப்போவதில்லை. தலைப்பு எதுவும் போடாமல் சொற்களை மட்டும் எழுதுங்கள். கீழே இடம் விடுங்கள், இன்னும் இரண்டு விஷயம் அதில் ஏறவேண்டும். இரண்டு வாரத்தில் விரல்கள் பழகிவிடும். பழகிய பிறகும் கிழித்துப் போடாதீர்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தால் விரல்களும் மறக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டுமா? வேண்டாம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணகர்த்தா உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக 2003-ல் பாஸ்வேர்டு விதிகளை எழுதிய பில் பர், எழுதியதில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக 2017-ல் சொன்னார். அதே வருடம் நிஸ்ட் தன் விதிகளைத் திருத்தி, கசிந்ததற்கான அடையாளம் இருந்தால் மாற்றினால் போதும் என்றது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஏற்றுவார்கள். நான் செய்ததும் அதுதானே.

நிறுவுதல்

செயலியைத் தேடுபொறியில் தேடினால் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு மேனேஜர்களின் பெயரிலேயே போலிப் பக்கங்களுக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் உண்டு. தளத்தின் முகவரியை நீங்களே அடியுங்கள், அல்லது போனின் ஆப் ஸ்டோரிலிருந்து எடுங்கள். கணக்குத் திறந்து, பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் துணைநிரல்), போனில் செயலி இரண்டையும் போடுங்கள். போன் செட்டிங்ஸில் ஆட்டோஃபில் (தானாக நிரப்புதல்) என்று தேடி அங்கே பிட்வார்டனைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இதைச் செய்யாமல் ‘போனில் வேலை செய்யவில்லை’ என்று அழிப்பவர்கள்தான் அதிகம். பிரவுசரின் சொந்த ‘சேமிக்கவா?’ கேள்வியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பெட்டிக்காகப் போட்டி போடும். பெட்டகம் 15 நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளுமாறு வையுங்கள். போனில் கைரேகையால் திறக்கலாம், தப்பில்லை. ஆனால் வாரம் ஒருமுறையாவது மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்துத் திறவுங்கள், மறக்காமல் இருக்கத்தான்.

பழையவற்றை உள்ளே கொண்டுவருதல்

பிரவுசரின் பாஸ்வேர்டு செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். அழுத்தினால் ஒரு சி.எஸ்.வி. கோப்பு இறங்கும். பிட்வார்டனில் இம்போர்ட் பகுதிக்குப் போய், எந்தப் பிரவுசரிலிருந்து வந்தது என்று தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். நாலு மாதம் கழித்து ஏதோ ரசீதைத் தேடி டவுன்லோட்ஸ் அடைவைத் திறந்தால், அந்தக் கோப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நோட்பேடில் திறந்தேன். தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு, நடுவே காற்புள்ளி. எந்தப் பூட்டும் இல்லை. அந்த அடைவு கிளவுடில் தானாகப் பிரதியாகிக்கொண்டும் இருந்தது. ஆகவே: எக்ஸ்போர்ட் செய்யும் முன் கிளவுட் ஒத்திசைவை நிறுத்துங்கள், இம்போர்ட் ஆனதும் கோப்பை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதன் பிறகுதான் எழுந்து போகவேண்டும்.

பிரவுசரில் ஏற்கனவே சேமித்திருப்பவற்றை இப்போது அழிக்காதீர்கள். அதற்கு நேரம் வரும்.

மாற்றும் வரிசை

மின்னஞ்சல்தான் முதலில். உங்கள் எல்லாக் கணக்குகளிலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று ஒரு சுட்டி இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் வரும் கடிதம் எங்கே போகிறது? மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் மற்றதெல்லாம் இருக்கிறது. வங்கியிலிருந்து தொடங்குவதுதான் பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அது கொல்லைக் கதவைத் திறந்துபோட்டு வாசலில் பூட்டுப் போடுகிற வேலை.

மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் பகடைச் சொற்களாகவே வைத்து, அதே தாளில் இரண்டாவதாக எழுதுங்கள். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன். மாற்றிய கையோடு செட்டிங்ஸில் மூன்று இடங்களைப் பாருங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் இன்னும் உங்களுடையவைதானா? தெரியாத கருவி ஏதாவது உள்ளே இருக்கிறதா? கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஃபார்வர்டோ ஃபில்டரோ இருக்கிறதா? மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. உள்ளே ஒருமுறை நுழைந்தவர் ஒரு ஃபில்டரைப் போட்டுவிட்டுப் போனால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவருக்குப் பிரதி போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து, பணம் புழங்கும் கணக்குகள். அப்புறம் புகைப்படங்களும் ஆவணங்களும் இருக்கும் கிளவுட், சமூக வலைத்தளங்கள். இவை எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வரும். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். மீதி நூறையும் உட்கார்ந்து மாற்றாதீர்கள், சலித்துப்போய் பாதியில் விடுவீர்கள். எப்போது அந்தத் தளத்துக்குப் போகிறீர்களோ அப்போது மாற்றினால் போதும்.

ஒவ்வொரு தளத்திலும் செய்யவேண்டியது இதுதான். பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தைத் திறந்து, பிட்வார்டனில் 20 எழுத்தில் புதியது ஒன்றை உருவாக்குங்கள். அதை முதலில் பெட்டகத்தில் சேமித்துவிட்டு, பிறகு தளத்தில் ஒட்டி மாற்றுங்கள். மாற்றிவிட்டு, தனிப்பட்ட சன்னல் (இன்காக்னிடோ) ஒன்றைத் திறந்து புதிய பாஸ்வேர்டில் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால்தான் பழைய சன்னலை மூடவேண்டும். சில தளங்கள் நீளமான பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, வாயே திறக்காமல் பாதியை வெட்டிவிடும். என்னைப் பூட்டிய முதல் தளம் அப்படிப்பட்டதுதான். 20 கொடுத்தேன், அது 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டது.

பாதுகாப்புக் கேள்விகள் வந்தால் பொய் சொல்லுங்கள். அம்மாவின் ஊர், முதல் பள்ளி எல்லாம் தேடினால் கிடைக்கும் சங்கதிகள். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைப் பதிலாகக் கொடுத்து, அதைப் பெட்டகத்தின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். தொலைபேசியில் கேட்டால் சொல்ல வாய்க்கு வருகிற சொற்களாக இருக்கட்டும்.

இரண்டாவது பூட்டு

பாஸ்வேர்டு போட்ட பிறகும் தளம் கேட்கும் இன்னொரு குறியீடுதான் இரண்டாவது பூட்டு. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எதுவும் இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிவாங்கும் மோசடியில் அந்தக் குறியீடும் சேர்ந்து போய்விடும். தளம் அனுமதித்தால், குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். திரையில் வரும் க்யூஆர் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் உங்கள் போனிடம் ஒரு பிரதி, தளத்திடம் ஒரு பிரதி. அதன்பின் இருவரும் அந்தச் சாவியையும் அந்த நொடியின் நேரத்தையும் ஒரே கணக்கில் போட்டு, 30 நொடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணை எடுக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள், எண்கள் அப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க்கே வேண்டியதில்லை. போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். ‘தப்பான குறியீடு’ என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கவேண்டும்.

சாவி போனில் மட்டும் இருக்கிறது என்பதன் மறுபக்கத்தை நான் அனுபவித்தேன். போன் மந்தமாகிவிட்டது என்று ரீசெட் செய்தேன். படங்கள், தொடர்புகள் எல்லாம் திரும்பி வந்தன. ஆத்தென்டிகேட்டரைத் திறந்தால் வெள்ளைத் திரை. ஒரு கணக்கை மீட்க அடையாள ஆவணங்களை அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. இரண்டாவது பூட்டைப் போடும்போது தளம் தரும் பேக்கப் குறியீடுகளை, அதாவது போன் இல்லாதபோது உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளை, சேமியுங்கள். அதோடு, சாவிகளைப் பிரதி எடுக்க வழியுள்ள செயலியாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் நல்லது, பாஸ்வேர்டு போட்ட கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம். மின்னஞ்சலின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். புதிய கருவியிலிருந்து பிட்வார்டனைத் திறக்கப் போனால், உறுதிப்படுத்த ஒரு குறியீட்டை மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடும். மின்னஞ்சலைத் திறக்க பிட்வார்டன் வேண்டும், பிட்வார்டனைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும். பெட்டிக்குள் சாவி, பெட்டியோ பூட்டியிருக்கிறது. ஆகவே தாளில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: மாஸ்டர் பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, இவை இரண்டின் மீட்புக் குறியீடுகள். இந்த இரண்டு கணக்குகளின் ஆறு இலக்க எண்களையும் பிட்வார்டனுக்குள் வைக்காமல் தனிச் செயலியில் வையுங்கள்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) என்று எங்காவது கேட்டால், குறிப்பாக மின்னஞ்சலில், சரி என்று சொல்லலாம். அது அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைந்தது. போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்கமுடியாது.

நிரப்ப மறுத்தால்

பாஸ்வேர்டு மேனேஜரின் பெரிய உதவி பலருக்குத் தெரிவதில்லை. ஒருநாள் ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு கடிதம் வந்தது. சுட்டியை அழுத்தினேன். லோகோ, நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசல். பயனர் பெயர்ப் பெட்டியைத் தொட்டேன், பிட்வார்டன் எதுவும் காட்டவில்லை. செயலியில்தான் ஏதோ கோளாறு என்று எரிச்சலோடு பெட்டகத்தைத் திறந்து காப்பி செய்யப் போனேன். அப்போதுதான் முகவரியைப் பார்த்தேன். எம் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றன. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. செயலிக்கு வேறு வேறு. அன்றிலிருந்து, அது நிரப்ப மறுத்தால் நான் கையால் நிரப்புவதில்லை. பக்கத்தை மூடிவிட்டு முகவரியை நானே அடித்துப் போகிறேன்.

ஒத்திகை

இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போன் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அதை வேறு அறையில் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரின் கணினியில் தனிப்பட்ட சன்னலைத் திறந்து, தாளை மட்டும் பார்த்து மின்னஞ்சலுக்குள் போங்கள், பிறகு பெட்டகத்துக்குள் போங்கள். எனக்கு முதல் ஒத்திகையில் மின்னஞ்சலின் பேக்கப் குறியீடு இரண்டாம் எழுத்திலேயே உதைத்தது. சுழியமா ஓ எழுத்தா என்று என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. புதிய குறியீடுகளை எடுத்து, சுழியத்துக்குக் குறுக்கே கோடு போட்டுத் திரும்ப எழுதினேன். பயன்படுத்திய குறியீடு மறுபடி செல்லாது என்பதால் அதையும் தாளில் அடித்துவிடவேண்டும்.

உள்ளே போக முடிந்ததா? இப்போது பெட்டகத்தை மறையாக்கம் செய்த கோப்பாக ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் வையுங்கள். அப்புறம் பிரவுசரின் செட்டிங்ஸுக்குப் போய், அங்கே சேமித்திருக்கும் பழைய பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அழிக்கலாம். ஒத்திகையில் எங்காவது நின்றுவிட்டால், அதைச் சரிசெய்து இன்னொருமுறை ஓட்டிப் பார்க்கும் வரை அவை அங்கேயே இருக்கட்டும்.